11 டாலர் கணக்கு

ஷிப்டு விட்டு ஆலை கேட்டைத் தாண்டி வந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தால், பேப்பரை உரக்கப் படிக்க ஒரு ஆள் எப்படியும் இருப்பான். ஏதோ ஒரு மோட்டார் கம்பெனி தான் விற்ற வண்டிகளில் பெட்ரோல் ஓடும் குழாய் கசியக்கூடும் என்று கண்டுபிடித்து, அந்த வண்டிகளையெல்லாம் திரும்ப அழைக்கிறதாம். குழாயை மாற்றித் தருமாம். காசு வாங்காதாம்.

“ஏனுங்ண்ணா, தப்புன்னு தெரிஞ்சதும் அவனே கூப்பிட்டு இனாமா மாத்திக் குடுக்கறானே, நல்ல மனசுதானுங்களே?” என்று கேட்கிறான் ஒரு இளைஞன்.

“கார் வச்சிருக்கறவன் கவலை தம்பி அது. நமக்கு எதுக்கு?” என்று டீயை ஆற்றுகிறார் பெரியவர்.

இரண்டு பேர் சொன்னதும் சரியல்ல. கம்பெனியின் நல்ல மனசு என்பது பொய். நமக்கு எதற்கு என்பது அதைவிடப் பெரிய தவறு. ஏன் என்று சொல்கிறோம்.

முதலில் அந்த “இனாம்” சங்கதியைப் பார்ப்போம். வண்டியைத் திரும்ப அழைக்கும் பழக்கத்தைப் பிரமாதமாக நடத்துகிற நாடு அமெரிக்கா. அங்கே 1965-ல் ரால்ப் நேடர் என்ற வக்கீல் ஒரு புத்தகம் எழுதினார். விபத்துக்கெல்லாம் டிரைவரையே குற்றம் சொல்கிறீர்களே, வண்டியைச் செய்தவனை ஏன் கேட்பதில்லை என்பதுதான் அதன் சாரம். உலகத்திலேயே பெரிய மோட்டார் கம்பெனியாயிருந்த ஜெனரல் மோட்டார்ஸ் என்ன செய்தது? புத்தகத்துக்குப் பதில் எழுதவில்லை. நேடரின் பின்னால் துப்பறிகிறவர்களை ஏவிவிட்டது! சங்கதி வெளியே வந்து நாறி, 1966 மார்ச்சில் கம்பெனியின் தலைவர் செனட் சபைக் கமிட்டி முன் நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த வருஷமே மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

அந்தச் சட்டத்திலும் ஓட்டை இருந்தது. வண்டியில் கோளாறு இருக்கிறது என்று சொந்தக்காரனுக்குத் தகவல் கொடுத்தால் போதும். சும்மா ரிப்பேர் செய்து தரவேண்டும் என்று கட்டாயமில்லை. “உன் வண்டி எரியலாம், ஜாக்கிரதை” என்று கடுதாசி போட்டுவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளலாம். செலவு கம்பெனியுடையது என்று சட்டம் கட்டாயப்படுத்தியது 1974-ல்தான். ஆகவே தம்பி, அந்த “இனாம்” என்ற வார்த்தை முதலாளியின் இருதயத்திலிருந்து வந்ததல்ல. அவன் கழுத்தில் சட்டம் கை வைத்த பிறகு வந்தது.

இனி பின்டோ கதை.

1970-ல் ஃபோர்டு கம்பெனி பின்டோ என்று ஒரு சின்ன காரைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பெரிய கார் வாங்க முடியாதவர்களுக்கான கார். ஜப்பானிலிருந்தும் ஜெர்மனியிலிருந்தும் வந்த சின்ன கார்கள் அமெரிக்கச் சந்தையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்த நேரம். கம்பெனியின் பெரிய அதிகாரி லீ ஐயக்கோக்கா போட்ட நிபந்தனை இரண்டு: எடை 2,000 பவுண்டுக்கு மேல் போகக் கூடாது, விலை 2,000 டாலருக்கு மேல் போகக் கூடாது. ஒரு புதுக் காரை வரைபடத்திலிருந்து விற்பனைக்குக் கொண்டுவர அந்நாளில் சாதாரணமாக 43 மாதம் பிடிக்கும். பின்டோவுக்கு அத்தனை அவகாசம் இல்லை. அவசரம்! சந்தை காத்திருக்காது!

இந்தக் காரில் பெட்ரோல் டாங்கி எங்கே இருந்தது? பின் அச்சுக்கும் பின்பக்க பம்பருக்கும் நடுவே. அச்சின் மத்தியில் பல்சக்கரங்கள் அடங்கிய இரும்புக் கூடு ஒன்று உண்டு. லாரித் தொழிலாளிகள் கிரௌன் என்பார்கள். அந்தக் கூட்டில் போல்ட்டுகள் துருத்திக்கொண்டு நிற்கும். பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால், டாங்கி முன்னால் தள்ளப்பட்டு அந்தப் போல்ட்டுகளில் குத்திக் கிழியும். பெட்ரோல் ஊற்றும் குழாய் டாங்கியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பெட்ரோல் பீறிட்டு வரும். இரும்பும் இரும்பும் உரசிய ஒரு பொறி போதும்.

கம்பெனிக்கு இது தெரியாதா? தெரியும். வண்டி விற்பனைக்கு வருமுன்னே மாதிரி வண்டிகளை மோதவிட்டுப் பார்த்தார்கள். மணிக்கு 21 மைல் வேகத்தில் மோதியபோதே டாங்கி கிழிந்து பெட்ரோல் கொட்டியது. 21 மைல் என்பது என்ன பெரிய வேகம்? நம் டவுன் பஸ் அதைவிட வேகமாகப் போகும்.

சரி, பரிகாரம் ஏதும் இல்லாத கோளாறா அது? அதுவும் இல்லை. பின்னால் கலிபோர்னியா அப்பீல் கோர்ட் 1981-ல் எழுதிய தீர்ப்பில் விலைப்பட்டியலே இருக்கிறது. அச்சுக் கூட்டுக்கும் டாங்கிக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு: 2 டாலர் 35 சென்ட். டாங்கிக்குள்ளே ஒரு நைலான் பை: 5 டாலர் 25 சென்ட்டிலிருந்து 8 டாலர். டாங்கியை அச்சுக்கு மேலே தூக்கி வைப்பது: 5 டாலர் சில்லறை. இந்தப் பரிகாரங்களையெல்லாம் தெரிந்துகொண்டே, காசு மிச்சம் பிடிப்பதற்காகக் கம்பெனி தள்ளிப்போட்டது என்று அந்தக் கோர்ட் சொல்லிற்று. இதைச் சொன்னது முதலாளித்துவ நாட்டின் கோர்ட், நாம் அல்ல!

வண்டி விற்றது. லட்சக்கணக்கில் விற்றது.

இப்போது ஒரு காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பஞ்சாலைத் தொழிலாளி ஒவ்வொருவனும் இந்தக் காகிதத்தைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும்.

1973-ல் ஃபோர்டு கம்பெனியின் உத்தியோகஸ்தர்கள் சர்க்காருக்குக் காட்டுவதற்காக ஒரு கணக்கு எழுதினார்கள். மோதலில் பெட்ரோல் கசிந்து தீப்பிடித்து ஏற்படும் மரணங்கள் என்பது அதன் விஷயம். வண்டி உருண்டு கவிழும்போது பெட்ரோல் வெளியே வராமல் தடுக்கும் ஏற்பாடு வேண்டும் என்று சர்க்கார் விதி போடப் பார்த்தது. அது வேண்டாம் என்பதற்குக் கம்பெனி காட்டிய ஆதாரம் இந்தக் கணக்கு. அதை அப்படியே தருகிறோம்.

ஒரு பக்கம் செலவு: வண்டி ஒன்றுக்கு 11 டாலர். கார்கள் 1 கோடியே 10 லட்சம், சிறு லாரிகள் 15 லட்சம். மொத்தம் 13 கோடியே 70 லட்சம் டாலர்.

மறுபக்கம் லாபம்: 180 பேர் தீயில் சாகாமல் தப்புவார்கள், தலைக்கு 2,00,000 டாலர். 180 பேர் கடுமையான தீக்காயத்திலிருந்து தப்புவார்கள், ஆளுக்கு 67,000 டாலர். 2,100 வண்டிகள் எரியாமல் தப்பும், வண்டிக்கு 700 டாலர். மொத்தம் 4 கோடியே 95 லட்சம் டாலர்.

கழித்துப் பாருங்கள். எரிய விடுவதே மலிவு!

மாட்டுச் சந்தையில் தரகன் துண்டுக்குள்ளே கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவதை விவசாயத் தொழிலாளிகள் பார்த்திருப்பீர்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பான், சுழியைப் பார்ப்பான். ஆனாலும் அந்தத் தரகன் உயிருள்ள மாட்டுக்குத்தான் விலை பேசுகிறான். இங்கே செத்துப்போகிற மனுஷனுக்கு விலை பேசி, அந்த விலைக்குக் கட்டுபடியாகாது என்று பேப்பரில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

அந்த 2,00,000 டாலர் எங்கிருந்து வந்தது? அதையும் பிரித்துப் பார்ப்பது நல்லது. அது 1972-ல் அமெரிக்க சர்க்காரின் சாலைப் பாதுகாப்பு இலாகாவே போட்ட கணக்கு. சுத்தமாகச் சொன்னால் 2,00,725 டாலர். செத்தவன் உயிரோடிருந்தால் இனிமேல் உழைத்து உண்டாக்கியிருக்கக் கூடிய உற்பத்தியின் நஷ்டம், நேராக 1,32,000 டாலர், மறைமுகமாக 41,300 டாலர். சாகும்போது அவன் பட்ட வேதனைக்கு 10,000 டாலர். பிரேதச் செலவு 900 டாலர். ஆள் போனதால் வேலை கொடுத்த முதலாளிக்கு நஷ்டம் 1,000 டாலர்.

இரண்டு லட்சத்தில் ஒன்றே முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு அவன் கைகளின் விலை. அவனுடைய கைகள் இனிமேல் செய்திருக்கக் கூடிய வேலையின் விலை. மனைவிக்கு அவன் யார், பிள்ளைகளுக்கு அவன் யார் என்பதற்குப் பட்டியலில் ஒரு வரி கிடையாது. முதலாளிக்கு மட்டும் ஒரு வரி உண்டு! அதுவும் 1,000 டாலர்தான். ஏன் அவ்வளவு கம்மி என்று ஆலைத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதில்லை. காலியான மெஷினுக்கு மறுநாள் காலையில் பதிலி வந்து நின்றுவிடுவான் அல்லவா?

இந்தக் கணக்கு நமக்குப் புதிதும் அல்ல. 1923-ம் வருஷத்துத் தொழிலாளர் நஷ்ட ஈட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை போட்டிருந்தது. கட்டைவிரல் போனால் சம்பாதிக்கும் சக்தியில் 30 சதவீதம் நஷ்டம். ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம். நடுவிரல் 12. கார்டு இல்லாத யந்திரத்தில் விரலைக் கொடுத்துவிட்டு, அந்த அட்டவணையின்படி பணம் எண்ணி வாங்கியவன் நம்மில் உண்டு. நஷ்ட ஈடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதற்கும் போராடித்தான் ஆகவேண்டும். விரல் போன பிறகு கொடுக்கும் காசுக்கு அட்டவணை போடுகிறவன், விரல் போகாமல் காக்கும் கார்டுக்குச் செலவு செய்யும்போது அதே அட்டவணையை எடுத்துவைத்து ஒப்பிட்டுப் பார்ப்பானானால், அங்கேதான் அக்கிரமம் ஆரம்பமாகிறது. ஃபோர்டு கம்பெனியின் காகிதம் அந்த ஒப்பிடலைப் பகிரங்கமாகச் செய்தது.

கம்பெனியின் பக்கம் பேசுகிறவர்கள் இங்கே இடைமறிப்பார்கள். “அந்தக் காகிதம் பின்டோவைப் பற்றியதே அல்ல. பின்னால் மோதுவதைப் பற்றியதும் அல்ல. கவிழ்ந்து உருளும் வண்டிகளைப் பற்றியது. அமெரிக்காவில் விற்கும் எல்லாக் கம்பெனி வண்டிகளையும் சேர்த்துப் போட்ட கணக்கு. தலை விலையும் சர்க்கார் கொடுத்ததுதான். ஏன் வீண் பழி?” என்பார்கள்.

அவர்கள் சொல்லும் விவரம் உண்மை. அதை மறைத்துப் பேசுகிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு, அது தவறு. ஆனால் விவரம் உண்மையானால் குற்றம் குறைகிறதா? ஒரு காருக்காக ஒரு அதிகாரி அறைக்குள்ளே ரகசியமாகப் போட்ட கணக்கு என்றால், அந்த ஆள் கெட்டவன் என்று சொல்லி முடித்துக்கொள்ளலாம். இது அப்படியல்ல என்று அவர்களே சொல்கிறார்கள். ஓடுகிற வண்டிகள் அத்தனைக்கும் சேர்த்து, சர்க்கார் கொடுத்த அளவுகோலால் அளந்து, கூச்சமில்லாமல் சர்க்கார் மேஜை மேலேயே வைத்த கணக்கு! அது ஒரு மனுஷனின் கெட்ட புத்தி அல்ல; அந்தத் தொழிலின் முறையே அது என்று வாக்குமூலம் கொடுக்கிறார்கள். நமக்கு வேண்டியதும் அந்த வாக்குமூலம்தான்.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1971 ஏப்ரல் 27-ம் தேதி, இரண்டாம் ஹென்றி ஃபோர்டும் ஐயக்கோக்காவும் ஜனாதிபதி நிக்ஸனை வெள்ளை மாளிகையில் நேரில் கண்டு பேசினார்கள். பாதுகாப்பு விதிகள் தொழிலுக்குப் பெரும் பாரமாயிருக்கின்றன என்பது முறையீடு. நிக்ஸன் தம் அறையில் பேசுவதையெல்லாம் பதிவு செய்யும் யந்திரம் வைத்திருந்தாரே, அதனால் இந்தப் பேச்சும் பதிவாகி வெளியே வந்துவிட்டது. பின்னாலிருந்து மோதும்போது பெட்ரோல் கசியக் கூடாது என்ற விதியைப் பற்றி 1960-களின் கடைசியிலேயே அமெரிக்க சர்க்கார் பேச ஆரம்பித்தது. அது கார்களுக்கு அமுலானது எப்போது? 1977-ம் வருஷ மாடலிலிருந்து! நம் ஊரில் கூலி உயர்வுக் கமிட்டி ரிப்போர்ட் தூங்குவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது.

வண்டிகளைத் திரும்ப அழைத்தது எப்போது, எப்படி? இங்கேதான் “நல்ல மனசு” முழுதும் தெரிகிறது.

1972 மே மாதம் கலிபோர்னியாவில் ஒரு நெடுஞ்சாலையில் வாங்கி ஆறு மாதமே ஆன பின்டோ ஒன்று நடுச்சாலையில் நின்றுபோயிற்று. பின்னால் வந்த கார் மோதிற்று. பின்டோ தீப்பற்றியது. ஓட்டிவந்த அம்மாள் இறந்துபோனார். உடன் வந்த 13 வயதுப் பையன் முகமும் உடம்பும் வெந்து பிழைத்தான். அவன் குடும்பம் கோர்ட்டுக்குப் போயிற்று. 1977-ல் மதர் ஜோன்ஸ் என்ற பத்திரிகையில் மார்க் டவி என்பவர் கம்பெனியின் காகிதங்களை வெளியே போட்டார். 1978 பிப்ரவரியில் ஜூரிகள், பையனுக்குரிய நஷ்ட ஈடு போக, கம்பெனிக்குத் தண்டனையாக மட்டும் 12½ கோடி டாலர் என்று தீர்ப்புச் சொன்னார்கள். பன்னிரண்டு பேர், சாதாரண ஜனங்கள்! நீதிபதி அதை 35 லட்சமாக வெட்டினார். அதுவும் ஒரு கணக்குத்தான்.

1978 மே மாதம் சர்க்கார் இலாகா தன் விசாரணையின் முதல் முடிவைச் சொன்னது. பின்டோவில் பின்னால் மோதி பெட்ரோல் கசிந்து தீப்பிடித்த சம்பவம் 38, சாவு 27. பகிரங்க விசாரணை நடக்க இருந்தது. அதற்குச் சில நாள் முன்னால், ஜூன் 9-ம் தேதி, 1971 முதல் 1976 வரை செய்த பின்டோக்களையும் அதன் ஜோடியான பாப்கேட் கார்களையும் சேர்த்துச் சுமார் 15 லட்சம் வண்டிகளைக் கம்பெனி “தானாக முன்வந்து” திரும்ப அழைத்தது. எட்டு வருஷம் கழித்து, கதவில் போலீஸ் தட்டும்போது தானாக முன்வந்து கதவைத் திறப்பது போல!

அழைத்து என்ன மாட்டினார்கள்? டாங்கிக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு பிளாஸ்டிக் தடுப்பு. பெட்ரோல் ஊற்ற இன்னும் கொஞ்சம் நீளமான குழாய், நல்ல சீல். தீர்ந்தது வேலை.

ஆனால் அறிவிப்பு ஒரு நாள். சாமான் தயாராகிக் கடுதாசி வீட்டுக்கு வருவது வேறொரு நாள். இந்த இடைவெளியில், 1978 ஆகஸ்ட் 10-ம் தேதி, இந்தியானா மாகாணத்தில் ஒரு பின்டோவில் மூன்று இளம்பெண்கள் போய்க்கொண்டிருந்தார்கள். இரண்டு பேர் அக்கா தங்கை. மூன்றாமவள் அவர்களுக்குச் சொந்தக்காரப் பெண். பின்னால் ஒரு வேன் மோதிற்று. மூவரும் தீயில் இறந்தார்கள். வண்டியைக் கொண்டுவந்து சரிசெய்து கொள்ளுங்கள் என்ற கடுதாசி அந்த வீட்டுக்கு வந்துசேர்ந்தது, அவர்களைப் புதைத்த பிறகு.

அந்த ஜில்லாவின் சர்க்கார் வக்கீல் மைக்கேல் காஸென்டினோ ஒரு காரியம் செய்தார். ஃபோர்டு கம்பெனி மீதே கிரிமினல் கேஸ் போட்டார்: அஜாக்கிரதையால் கொலை. சின்ன ஜில்லா, சின்ன பட்ஜெட். சட்டக் கல்லூரி ஆசிரியர்களும் மாணவர்களும் கூலி வாங்காமல் உதவிக்கு வந்தார்கள். எதிர்ப்பக்கத்தில், நிக்ஸன் ஆட்களையே வாட்டர்கேட் வழக்கில் குறுக்கு விசாரணை செய்து பெயர் வாங்கிய ஜேம்ஸ் நீல் தலைமையில் வக்கீல் பட்டாளம். கம்பெனியின் உள்காகிதங்களில் பெரும்பாலானவற்றை ஜூரி பார்க்கவே நீதிபதி விடவில்லை. பின்டோ நின்றுகொண்டிருந்தது, வேன் வந்த வேகத்தில் எந்தச் சின்ன கார்தான் தாங்கும் என்று கம்பெனி வாதாடிற்று. 1980 மார்ச் 13-ம் தேதி ஜூரிகள் கம்பெனியை விடுதலை செய்தார்கள். தீர்ப்பு தீர்ப்புத்தான், நாம் அதை மாற்றி எழுத முடியாது. ஆனால் குற்றம் ருசுவாகியிருந்தால் அதிகபட்சத் தண்டனை என்ன தெரியுமா? அபராதம் 30,000 டாலர். மூன்று பெண்களுக்குத் தலைக்குப் பத்தாயிரம். சர்க்கார் கணக்கில் இரண்டு லட்சமாயிருந்த விலை, கிரிமினல் கோர்ட்டுக்கு வந்ததும் அவ்வளவு இறங்கிவிட்டது!

இத்தனையிலும் ஒரு கேள்வி நமக்கு உறுத்த வேண்டும். வண்டி கெட்டது என்று முதலில் தெரிந்தவன் யார்?

ஃபோர்டு கம்பெனியில் பெரிய எஞ்சினீயராயிருந்தவர் ஹார்லி காப். பாதுகாப்பைப் பற்றி வாயைத் திறந்தார் என்பதற்காகக் காலத்துக்கு முன்பே தம்மை ஓய்வுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று அவரே கோர்ட்டில் சாட்சி சொன்னார். எஞ்சினீயருக்கே அந்தக் கதி என்றால், பெல்ட் பக்கத்தில் நின்று போல்ட் முடுக்குகிற தொழிலாளிக்கு?

அதற்கும் அதே காலத்தில் பதில் கிடைத்தது, வேறொரு கம்பெனியில். ஒஹையோ மாகாணத்தில் லார்ட்ஸ்டவுன் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை. பின்டோவுக்குப் போட்டியாக வேகா என்ற காரை அங்கே செய்தார்கள். மணிக்கு 100 கார்! அதாவது 36 விநாடிக்கு ஒரு வண்டி தொழிலாளியின் முன்னால் வந்து போகும். அதற்குள் தன் வேலையை முடிக்க வேண்டும். முடியவில்லையானால் முடியாத வண்டி நகர்ந்து போய்விடும். ஆளையும் குறைத்தார்கள். இரண்டு தறி பார்த்தவனை நாலு பார், ஆறு பார் என்று நம் ஆலைகளில் சுமத்தினார்களே, அதே வித்தைதான். பாஷை மட்டும் இங்கிலீஷ். வேலை அரைகுறையாக வண்டி வெளியே போகிறது என்று தொழிலாளிகள் கத்தினார்கள். தொழிலாளிகள் நாசவேலை செய்கிறார்கள் என்று நிர்வாகம் திருப்பிக் கத்தியது. 1972 மார்ச்சில் ஸ்டிரைக் வெடித்தது, 22 நாள் நடந்தது.

அந்த வருஷத்திலேயே என்ன நடந்தது பாருங்கள். சுமார் 1,30,000 வேகா கார்களைக் கம்பெனி திரும்ப அழைக்கவேண்டி வந்தது. எஞ்சின் பின்வெடி வெடித்துச் சைலன்சர் கிழியலாம், அந்த வழியாக வரும் சூட்டுப்புகை பெட்ரோல் டாங்கியைச் சூடேற்றலாம், டாங்கியிலிருந்து பெட்ரோல் சிந்தித் தீப்பிடிக்கலாம். இது ஸ்பானர் பிடித்தவனின் நாசவேலையா? வரைபட மேஜையில் நடந்த தவறு அல்லவா? நாசவேலை என்று பட்டம் சூட்டியவர்கள் இதற்கு என்ன பட்டம் சூட்டினார்கள்? ஒன்றுமில்லை. “ரீகால்” என்று அழகான பெயர் வைத்தார்கள். தொழிலாளி செய்தால் நாசவேலை. கம்பெனி செய்தால் ரீகால்!

சரி, நம் ஊருக்கு வருவோம்.

இந்தியாவில் வெகுகாலம் கம்பெனியைக் கட்டாயப்படுத்தி வண்டியைத் திரும்ப அழைக்கச் சொல்ல மோட்டார் சட்டத்தில் தனி விதியே இல்லை. 2012-ல் மோட்டார் முதலாளிகளின் சங்கம் தானே ஒரு விதி எழுதிக்கொண்டது. இஷ்டமிருந்தால் அழைக்கலாம். அழைத்தும் இருக்கிறார்கள். அந்த விதி வருமுன்னே 2010-ல் மாருதி கம்பெனி பெட்ரோல் கசிவு அபாயத்துக்காக ஏ-ஸ்டார் கார்கள் சுமார் 1 லட்சத்தை அழைத்தது. 2014 ஏப்ரலில் அதே கம்பெனி எர்டிகா, ஸ்விஃப்ட், டிசையர் என்று 1,03,311 வண்டிகளை, எரிபொருள் ஊற்றும் கழுத்துக் குழாய்க்காக அழைத்தது. கட்டாயச் சட்டம் பார்லிமெண்டில் நிறைவேறியது 2019-ல். அமுலுக்கு வந்தது 2021 ஏப்ரல் 1-ம் தேதி. அமெரிக்கா சட்டம் போட்டு 55 வருஷம் கழித்து! இடையில் ஓடி, எரிந்து, பழைய இரும்புக்குப் போன வண்டிகளுக்கு யார் கணக்கு வைத்திருக்கிறார்கள்?

அந்தச் சட்டத்திலும் ஒரு வார்த்தையைப் பாருங்கள். வண்டியின் சொந்தக்காரர்களில் “இத்தனை சதவீதம்” பேர் புகார் செய்தால் சர்க்கார் உத்தரவு போடலாம் என்று இருக்கிறது. பரிசோதனை நிலையமோ வேறு வழியிலோ தகவல் வரலாம் என்றும் எழுதியிருக்கிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் அந்தச் சதவீதம் நம்மை விடமாட்டேன் என்கிறது! எத்தனை சதவீதம் எரிந்தால் அது கோளாறு? கட்டைவிரலுக்கு 30, ஆள்காட்டி விரலுக்கு 14 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்தச் சதவீதம் யாருடைய கைவேலை என்று உடனே தெரியும். புகார் சொல்லக் கூடியவர்கள் பட்டியலில் அந்த வண்டியைச் செய்த தொழிலாளிக்குத் தனியாக ஓர் இடம் இல்லை. குழாய் சரியாகப் பொருந்தவில்லை என்று முதலில் விரலால் உணர்கிறவன் அவன்தானே? அவன் பெல்ட்டை நிறுத்தினால் மெமோ, சொன்னால் கேட்பாரில்லை, வெளியே சொன்னால் வேலை இல்லை.

ஃபோர்டு கம்பெனிக்கு நம் நாட்டிலும் ஒரு கதை உண்டு. செங்கற்பட்டுப் பக்கம் மறைமலைநகரில் அதன் கார் ஆலை. அங்கே செய்த ஃபிகோ, கிளாசிக் கார்களில் 1,66,021 வண்டிகளைக் கம்பெனி 2013 செப்டம்பரில் திரும்ப அழைத்தது. பின் அச்சுப் பாகத்தையும், ஸ்டீயரிங்குக்கு எண்ணெய் போகும் குழாயையும் பார்த்துச் சரிசெய்ய. இங்கே குழாய்க்காக வண்டியைக் கூப்பிட்டார்கள், அதைக் குறை சொல்லவில்லை. 2021 செப்டம்பரில் அதே கம்பெனி, பத்து வருஷத்தில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம், கார் செய்வதை நிறுத்துகிறோம் என்று அறிவித்தது. 2022-ல் ஈட்டுத்தொகைக்காகத் தொழிலாளிகள் போராடினார்கள்; அந்த ஜூலையில் கடைசி வண்டி வெளியே வந்தது. 2024-ல் மறுபடி அந்த ஆலையை உபயோகிக்கப் போகிறோம் என்று தமிழ்நாடு சர்க்காருக்குக் கடிதம் கொடுத்தார்கள். கோளாறான வண்டியின் நம்பர் ஒவ்வொன்றையும் தேடிப்பிடித்துத் திரும்ப அழைக்க ஏற்பாடு வைத்திருக்கிற கம்பெனிக்கு, வெளியே அனுப்பிய தொழிலாளியின் டோக்கன் நம்பரைத் தேட மட்டும் ஏன் ஏற்பாடு இல்லை?

டீக்கடைப் பெரியவருக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. “நமக்கு எதுக்கு?” என்றார்.

பெரியவரே, கார் உங்களுக்கு இல்லை, சரி. உங்கள் பையன் மூன்றாம் கையாக வாங்கிய மொபெட் இருக்கிறது. நாற்று நடப் பெண்களை விடியற்காலையில் அள்ளிப்போகிற லோடு வேன் இருக்கிறது. அது எத்தனை கை மாறி வந்ததென்று ஓட்டுகிறவனுக்கே தெரியாது. ரீகால் கடுதாசி யார் வீட்டுக்குப் போகும்? கம்பெனியில் புது வண்டி வாங்கிப் பெயர் எழுதிக் கொடுத்தவன் வீட்டுக்கு. அவன் வண்டியை விற்று வருஷமாகியிருக்கும். கசிகிற குழாய் கை மாறி, கை மாறி, கடைசியில் யாரிடம் வந்து நிற்கும்? பழைய வண்டிதான் வாங்க முடியும் என்கிறவனிடம். பணக்காரனுக்குக் கடுதாசி, ஏழைக்கு வண்டி!

ஆகவே நாம் கேட்க வேண்டியது நல்ல மனசை அல்ல. ஆர்.டி.ஓ. ஆபீசில் இன்றைய சொந்தக்காரன் யார் என்ற ரிஜிஸ்டர் இருக்கிறது. கடுதாசி அந்த விலாசத்துக்குப் போக வேண்டும், தமிழில் போக வேண்டும். திரும்ப அழைத்த வண்டிகளின் சேஸிஸ் நம்பர் பட்டியல் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும், ஆர்.டி.ஓ. ஆபீஸ் சுவரிலும், பஞ்சாயத்து ஆபீஸ் போர்டிலும் ஒட்டப்பட வேண்டும். குழாய் மாற்ற வண்டியை விடும் நாளில் அதை நம்பிப் பிழைக்கிறவனின் ஒருநாள் கூலியைக் கம்பெனி கொடுக்க வேண்டும். ஆலையில் குறை கண்ட தொழிலாளி சொன்ன புகாரைச் சங்கத்தின் மூலமாக நேரே சர்க்கார் பதிவு செய்ய வேண்டும். அதற்காக அவன் மேல் கை வைத்தால் அது குற்றமாக வேண்டும். சதவீதம் என்ற வார்த்தையை அந்தச் சட்டத்திலிருந்து எடுக்க வேண்டும்.

அதுவரை, தம்பி, இன்று சாயங்காலமே உன் வண்டியின் ஆர்.சி. புத்தகத்தை எடுத்து சேஸிஸ் நம்பரை ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு டீலர் கடைக்குப் போய்க் கேள். டாங்கிக்குக் கீழே பெட்ரோல் வாடை அடித்தால் அந்த வண்டியைக் கிக்கரால் உதைக்காதே, தள்ளிக்கொண்டே போ.